கரூரிலிருந்து வந்த தாள்

இதை எனக்குச் சொன்னது எலிசபெத் அக்கா. நாலு வருஷத்துக்கு முன்னால், கல்லறைத் திருநாள் அன்று. மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபம் சொல்லிவிட்டுத் திரும்பும்போது நல்ல தூறல். என்னிடம் குடை இல்லை. அக்கா தன் குடைக்குள் என்னை இழுத்துக்கொண்டு, வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். நடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை என்றார். என் சின்னவன் கத்தாருக்குப் போய் அன்றைக்குப் பத்து நாள்.

அக்கா கோத்தகிரியில் ஒரு கிளை நூலகத்தைக் கூட்டிப் பெருக்குகிற வேலையில் இருந்தார். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும்தான் சொன்னார். மிச்சத்தை, இது யாருக்கு நடந்ததோ அந்த மனிதரே டீ குடிக்கும் நேரத்தில் அவரிடம் சொன்னாராம்.

*

"இதை மறுபடியும் மடிச்சுத் தர முடியுமாம்மா?"

அவர் வந்து கேட்ட முதல் கேள்வி அதுதான்.

பெயர் சபாபதி. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தாறு. மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். ஒரே மகள்.

கேட்டது ஹலீமாவிடம். ஹலீமாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கிற வேலை. சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைகளை உட்கார வைத்துக் காகிதம் மடிக்கச் சொல்லிக் கொடுப்பாள். அதனால் ஊரில் அவளுக்கு டீச்சர் என்றே பெயர்.

சபாபதி ஒரு பிளாஸ்டிக் கவரைத் திறந்து, ஊதாத் தாள் ஒன்றை மேசைமேல் வைத்தார். சதுரத் தாள். ஒரு மூலை கருகியிருந்தது.

"என்ன சார் இது?"

"என் மக அனுப்பினது."

"மடிச்சு அனுப்பினாங்களா?"

"மடிச்சுத்தான் வந்துச்சு. நான் பிரிச்சுட்டேன்."

ஹலீமா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அவ கரூர்ல இருக்கா. அவ இஷ்டத்துக்கு ஒருத்தனைக் கட்டிக்கிட்டா. நான் கல்யாணத்துக்குப் போகலை. அஞ்சு வருஷமா பேச்சு கிடையாது. போன மாசம் ஒரு கவர் வந்துச்சு. பின்னால அட்ரஸ் மட்டும் எழுதியிருக்கா. உள்ளே லெட்டர் இல்லை. இதுதான் இருந்துச்சு, சின்னதா, தட்டையா மடிச்சு. அதுக்குள்ளே ஏதாவது எழுதியிருப்பான்னு பிரிச்சுட்டேன்."

"எழுதியிருந்தாங்களா?"

"ஒண்ணும் இல்லை. வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன். அப்புறம் அடுப்புல காட்டினேன்."

"அடுப்புலயா?"

"எலுமிச்சம் சாறுல எழுதினா சூடுபட்டாத் தெரியும். அவ மூணாவது படிக்கும்போது நான்தான் செஞ்சு காட்டினேன்."

பின்னால் விளக்குமாறோடு நின்ற எலிசபெத் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல் மறைத்துக்கொண்டார்.

"அப்புறம்?"

"ஒரே சுருக்கமா இருந்துச்சேன்னு..." சபாபதி குரலைத் தாழ்த்தினார். "இஸ்திரி போட்டுட்டேன்."

ஹலீமா சிரிக்கவில்லை.

"கொக்கா இருந்துச்சா, பூவா, கப்பலா, என்னன்னு தெரிஞ்சாகணும்மா. எடுத்த அவசரத்துல நான் சரியாப் பார்க்கலை. என்ன அனுப்பியிருக்கான்னு தெரியாம நான் என்னன்னு பதில் எழுதறது?"

"போன் பண்ணிக் கேக்கலாமே சார்" என்றார் எலிசபெத் அக்கா.

"நம்பர் மாத்திட்டா. தெரிஞ்சாலும், எடுத்த உடனே என்ன பேசுவேன்? நீ அனுப்பினதைப் பிரிச்சு, கருக்கி, இஸ்திரி போட்டு வச்சிருக்கேன், அது என்னன்னு நீயே சொல்லும்மான்னா?"

ஹலீமா தாளை ஜன்னலருகே கொண்டுபோனாள். சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். மங்கிக் கிடந்த கோடுகள்மேல் விரலை மெல்ல ஓட்டினாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

திரும்பி வந்து தாளை அவரிடமே கொடுத்தாள்.

"நான் மடிச்சா ரெண்டு நிமிஷம் சார்."

"மடிம்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"மடிக்க மாட்டேன். சனிக்கிழமை வாங்க. கத்துக்கோங்க."

"நானா?"

"தாள் உங்களுக்குத்தானே வந்துச்சு?"

*

சனிக்கிழமை சபாபதி ஜியாமெட்ரி பாக்ஸோடு வந்தார்.

பிள்ளைகளுக்கான பெஞ்சு. உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். ஹலீமா பழைய மாதக் காலண்டரைச் சதுரமாக வெட்டி ஆளுக்கொன்று கொடுத்தாள்.

குறுக்கே ஒரு மடிப்பு. பிள்ளைகள் மடித்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தார்கள். சபாபதி இன்னும் ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்தார்.

"என்ன சார்?"

"அரை மில்லி தப்பும்மா."

"தாள்லயா?"

"தாள் சரியாத்தான் இருக்கு. என் மடிப்புல."

ஹலீமா ஸ்கேலை எடுத்து அலமாரிமேல் வைத்தாள்.

"மூலைமேல மூலை உக்காந்தாப் போதும். அரை மில்லியை அதுங்களே பாத்துக்கும்."

சபாபதி மூலையைப் பார்த்தார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

அன்றைக்கு அவர் மடித்த கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கசக்கிக் கூடையில் போடப் போனார்.

"கசக்காதீங்க. பிரிச்சு நேராக்கி, வீட்டுக்குக் கொண்டுபோங்க."

"கெட்டுப்போனதை வச்சு என்ன பண்றது?"

ஹலீமா அடுத்த பிள்ளையிடம் போய்விட்டாள்.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். அவள் தன் தாளில் மடித்துக் காட்டுவாள். எத்தனை தரம் கேட்டாலும் காட்டுவாள். மற்றவர் தாளைத் தொடவே மாட்டாள்.

*

வீட்டில் இரண்டு நாற்காலி. ஒன்றில் அவர் உட்காருவார். இன்னொன்றில் துவைத்த துணி இருக்கும்.

பால்காரர் கூப்பிட்டால் இரண்டு வார்த்தை. இல்லாவிட்டால் அன்றைக்கு அவர் குரலை அவரே கேட்க மாட்டார். சாயங்காலம் ஜன்னல் வழியே பனிமூட்டம் உள்ளே வரும்போது ஒரு தரம் தொண்டையைச் செருமிக்கொள்வார். குரல் இருந்தது.

மேசையில் தாளை வைத்து மடிப்பார். நகத்தால் மடிப்பை அழுத்தும்போது சர்ரென்று ஒரு சத்தம். அந்த வீட்டில் அப்போதைக்கு அது ஒன்றுதான் சத்தம்.

மடித்துப் பார்த்துப் பிரிப்பார். பிரித்ததை அடுக்கி வைப்பார். அடுக்கு உயர்ந்துகொண்டே போனது.

மகளின் தாளைத் தொட அவருக்குத் தைரியம் வரவில்லை. அதை வெளியே எடுத்து எதிரே வைத்துக்கொள்வார். மடித்து முடித்ததும் மறுபடி பிளாஸ்டிக் கவருக்குள் வைப்பார்.

*

மூன்றாவது சனிக்கிழமை, பிள்ளைகள் வருவதற்கு முன்பே வந்துவிட்டார். முகத்தில் ஒரு தெளிவு.

"இனி கவலை இல்லைம்மா. முடிச்சுட்டேன்."

கையில் ஒரு தடித்த அட்டை. மேசைமேல் வைத்துக் காட்டினார். மகள் அனுப்பிய தாளில் இருந்த கோடுகளையெல்லாம் அளந்து, அதே அளவில், மெல்லிய பென்சிலால் வரைந்திருந்தார். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நம்பர். ஒவ்வொரு முனைக்கும் ஒரு எழுத்து. ஊர் நிலத்துக்கு வரைபடம் போடுகிற மாதிரியே போட்டிருந்தார்.

"கோடு அத்தனையும் இருக்கு. ஒண்ணு விடலை. எது முன்னே, எது பின்னே, அதை மட்டும் நீ சொன்னாப் போதும்."

எலிசபெத் அக்கா எட்டிப் பார்த்து, "அச்சடிச்ச மாதிரி இருக்கே சார்!" என்றார்.

ஹலீமா வரைபடத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"இந்த இடத்துல ஒரே கோடாப் போட்டிருக்கீங்க."

"அங்கே ஒரே கசங்கல்மா. நூல் பிரிஞ்ச மாதிரி நாலஞ்சு கோடு ஒண்ணுமேல ஒண்ணு. எது சரின்னு தெரியலை. நான் சரிபண்ணி ஒரே கோடா இழுத்துட்டேன்."

"சரிபண்ணிட்டீங்களா?"

"ஆமா."

"நல்லா இருக்கு சார்" என்று அட்டையை அவர் கையிலேயே கொடுத்தாள். "இப்ப இதை மடிங்க."

சபாபதி அட்டையைப் பார்த்தார். ஒரு மூலையைப் பிடித்து வளைத்தார். அட்டை படக்கென்று முறிந்தது.

பிள்ளைகள் வந்தார்கள். அவர் போய்த் தன் பெஞ்சில் உட்கார்ந்தார்.

*

அன்றைக்குத்தான் கொக்கு தொடங்கியது.

முதல் பாதி சுலபமாக வந்தது. குறுக்கே, நெடுக்கே, மூலைக்கு மூலை மடித்துப் பிரித்து, நாலு மூலையையும் ஒன்றாகச் சேர்த்தால் தாள் தானாக ஒடுங்கிச் சின்னச் சதுரமாகிவிடும். சபாபதிக்கு அது பிடித்திருந்தது. மூலைமேல் மூலை வந்து உட்கார்ந்தது.

அதற்கடுத்த இடத்தில் நின்றுபோனார்.

அந்த இடத்தில், மேலே இருக்கும் ஒற்றைத் தாளின் முனையைப் பிடித்து, அப்படியே மேலே தூக்க வேண்டும். தூக்கும்போது இரண்டு பக்கமும் உள்ளே ஒடுங்கி, நீளமாக ஒரு இதழ் மாதிரி படுக்க வேண்டும். அந்த இதழிலிருந்துதான் கொக்குக்கு இறக்கையும் கழுத்தும் வரும்.

ஹலீமா தூக்கினால் பூ விரிகிற மாதிரி எழும்பும்.

சபாபதி தூக்கினால் பக்கங்கள் உள்ளே வராது. வெளியே உப்பும். அமுக்கினால் கோணும். மறுபடி தூக்கினால், தூக்கும் இடத்தில் தாள் பஞ்சு மாதிரி நைந்துபோகும்.

அடுத்த வாரம் பிள்ளைகள் கொக்கை முடித்து நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். அதற்கடுத்த வாரம் தவளைக்குப் போய்விட்டார்கள். சபாபதி அதே இடத்தில்.

"ஊர் நிலத்தையெல்லாம் அளந்தவருக்கு ஒரு சாண் தாள் அடங்க மாட்டேங்குதே சார்" என்றார் எலிசபெத் அக்கா, டீயை வைத்துக்கொண்டே.

"நிலம் ஓடாது எலிசபெத். கல்லை நட்டா நட்ட இடத்துல நிக்கும். இது வழுக்குது."

அக்காவிடம் சிரித்தார். ஹலீமாவிடம் சிரிக்கவில்லை.

"தாள் சரியில்லைம்மா. தடிமனா இருக்கு."

ஹலீமா வேறு தாள் கொடுத்தாள்.

"வெளிச்சம் பத்தலை."

பெஞ்சை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "நீ சொல்லித் தர்றது சரியில்லை" என்றார்.

ஹலீமா தன் நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அன்றைக்கு டீ குடிக்காமல் போய்விட்டார்.

இனி வர மாட்டார் என்று அக்கா நினைத்தாராம். படி கூட்டும்போது ஹலீமாவிடம் கேட்டார்: "வயசான மனுசன். ஒரு விரலைக் கொடுத்தா என்ன டீச்சர்? அந்தாளு வீட்டுல ஒரு ஈ காக்காகூடக் கிடையாது. பாவம், இங்கே வந்துதான் மனுச முகத்தையே பாக்குறாரு."

"தெரியும்கா."

"தெரிஞ்சுமா இப்படி?"

ஹலீமா ரிஜிஸ்தரை மூடினாள். "அவரு இன்னும் என்னை ஒண்ணும் கேக்கலைக்கா. குத்தம்தான் சொல்றாரு."

*

அடுத்த சனிக்கிழமை விடியும்போதே மழை. மத்தியானம் பிள்ளைகள் ஒருத்தரும் வரவில்லை. நாளிதழ் படிக்க வருகிறவர்களும் இல்லை.

மூன்று மணிக்கு சபாபதி வந்தார். பேன்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது. கையில் பெரிய பை. அதில் அவர் பிரித்து அடுக்கிய தாள்கள் அத்தனையும் இருந்தன. அடியில் மகளின் தாள்.

"கொண்டாந்துட்டேன். நீயே வச்சுக்கோ. இனிமே வர்றதா இல்லை."

"உக்காருங்க சார்."

"எதுக்கு?"

"மழை விடட்டும்."

உட்கார்ந்தார். மழை விடவில்லை. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை.

சும்மா உட்கார முடியாமல் கை ஒரு தாளை எடுத்தது. மடித்தார். சதுரம் வந்தது. தூக்கினார். உப்பியது. பிரித்தார். மறுபடி தூக்கினார். கோணிக்கொண்டது.

நாலாவது தரம் தாள் கிழிந்தது.

ஹலீமா எதிரே உட்கார்ந்திருந்தாள். கை இரண்டும் மடியில் இருந்தன.

"மகளுக்கு எத்தனை வயசு சார்?"

சபாபதி விரல்விட்டுப் பார்த்தார். "முப்பத்தொண்ணு. இல்லை, புரட்டாசியோட முப்பத்திரண்டு முடிஞ்சிருக்கும்."

"கரூர்ல என்ன பண்றாங்க?"

"தெரியாது."

"யாரோட இருக்காங்க?"

"அவனோடதான் இருப்பா. வேற யாரோட?" கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "தெரியாது."

இன்னொரு தாளை எடுத்தார். முதல் மடிப்பு. இரண்டாவது. மூன்றாவது. சதுரம் வந்தது. முனையைப் பிடித்தார். தூக்கவில்லை. பிடித்தபடியே இருந்தார்.

எலிசபெத் அக்கா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். அவருக்கு அந்தப் பக்கம் பார்க்க என்னவோபோல் இருந்ததாம்.

"அம்மா" என்றார் சபாபதி.

ஹலீமா நிமிர்ந்தாள்.

"எனக்கு வரலைம்மா. ஒரு கை கொடேன்."

ஹலீமா மடியிலிருந்து கையை எடுத்தாள். ஒரே ஒரு விரலை நீட்டி, தாளின் மேல் பக்கம், மடிப்புக் கோட்டின்மேல் வைத்தாள்.

"இங்கே நான் பிடிச்சுக்கறேன். இப்பத் தூக்குங்க."

தூக்கினார்.

தாள் எழும்பியது. பக்கம் இரண்டும் சொல்லி வைத்தமாதிரி உள்ளே வந்தன. இதழ் நீளமாகப் படுத்தது.

சபாபதி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு விரல்தானா?"

"ஒரு விரல்தான்."

"இத்தனை வாரமா எதிர்லதானேம்மா உக்காந்திருந்தே. முன்னாடியே வச்சிருக்கக் கூடாதா?"

"இன்னைக்குத்தானே சார் கூப்பிட்டீங்க?"

அவர் தாளைத் திருப்பி, மறு பக்கத்தைத் தூக்கினார். அவள் விரல் வைத்தாள். அதுவும் எழும்பியது. அப்புறம் அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, கழுத்து வந்தது. வால் வந்தது. கழுத்து நுனியை மடித்ததும் அலகு வந்தது. இறக்கை இரண்டையும் கீழே இறக்கினார். கொக்கு மேசைமேல் நின்றது. கொஞ்சம் கோணல்தான். ஆனால் நின்றது.

"கொக்கு சார்!" என்றார் எலிசபெத் அக்கா.

சபாபதி கொக்கைப் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. பையின் அடியிலிருந்து மகளின் தாளை எடுத்தார்.

*

கருகிய மூலையைத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். பழைய மடிப்பின்மேல் விரலை வைத்ததும் தாள் தானாக மடிந்தது. இஸ்திரி போட்டும் அது மறக்கவில்லை. குறுக்கே. நெடுக்கே. மூலைமேல் மூலை. நாலும் சேர்ந்து சதுரமாகியது.

"கொக்குதான்" என்றார் மெதுவாக. "கொக்குதான் அனுப்பியிருக்கா."

ஹலீமா அவர் விரலையே பார்த்தாள்.

முனையைப் பிடித்தார். தூக்கப் போனவர் நிறுத்தினார்.

அந்த இடம் பஞ்சு மாதிரி நைந்து கிடந்தது.

எல்லாவற்றையும் பிரித்தார். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். பைக்குள் கையை விட்டுத் தன்னுடைய தாளில் ஒன்றை உருவி, பக்கத்தில் வைத்தார். இன்னொன்றையும் உருவினார். அவர் கெடுத்த தாள்கள். எல்லாவற்றிலும் அதே இடம். அதே பஞ்சு.

நிலத்தில் கோடு பார்த்த கண். ஒவ்வொன்றாக எண்ணினார்.

"பதினொரு தரம்" என்றார். "பதினொரு தரம் தூக்கிப் பார்த்திருக்கா."

தாளைத் திருப்பி மறுபக்கமும் பார்த்தார்.

"இதுக்கு மேல கோடே இல்லையேம்மா. கழுத்துக்குக் கோடு இல்லை. அலகுக்கு இல்லை. நான் இஸ்திரி போட்டதுல போயிருக்குமோ?"

"மடிச்ச கோடு இஸ்திரிக்குப் போகாது சார்."

"அப்ப இது கொக்கு ஆகவே இல்லையா?"

"இல்லை."

"இந்த இடத்துலயே நின்னுட்டாளா?"

"ஆமா சார்."

சபாபதி தாளை மேசைமேல் வைத்தார். நைந்த இடத்தின்மேல் ஒரு விரலை வைத்தார். ரொம்ப நேரம் அதை எடுக்கவே இல்லை.

"உனக்கு முதல் நாளே தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று அக்கா சொன்னார்.

"திட்டியிருப்பேன். அப்பனுக்கு அனுப்பறதைக்கூட முழுசா அனுப்பத் தெரியலை பாருன்னு திட்டியிருப்பேன். கிழிச்சுக்கூடப் போட்டிருப்பேன்."

ஹலீமா தலையைக் குனிந்துகொண்டாள்.

சபாபதி மறுபடி மடிக்கத் தொடங்கினார். குறுக்கே. நெடுக்கே. சதுரம் வந்தது. மகள் நிறுத்திய இடத்தில் அவரும் நிறுத்தி, அப்படியே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"மிச்சத்தை மடிக்கலையா சார்?" என்றாள் ஹலீமா. "இப்பத்தான் கத்துக்கிட்டீங்களே."

அவர் எலிசபெத் அக்காவைப் பார்த்தார்.

"கரூர் போகணும். மேட்டுப்பாளையத்துக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு எலிசபெத்?"

*

அதற்குமேல் எனக்குத் தெரியாது. அக்காவும் அந்த வருஷமே மகள் வீட்டோடு இருக்க ஓசூருக்குப் போய்விட்டார். சபாபதியுடைய பிள்ளையின் பெயரை அக்கா கேட்டு வைக்கவில்லை, அவரிடம் நானும் கேட்டு வைக்கவில்லை.

பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் யாரைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, இன்றைக்குக் கும்பிடும்போது கரூரில் இருக்கிற அந்தப் பிள்ளையையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.